ஒன்பதாம் வகுப்பு புவியியல்: நிலத்தையும் மக்களையும் சேர்த்து நடத்த நம்ம மாவட்டத்தையே எப்படிப் பயன்படுத்துவது?

#1 தொப்பூர் கணவாய்

வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சமூக அறிவியல் எடுக்கும் எல்லோரிடமும் ஒரு கேள்வி. ஒன்பதாம் வகுப்பு, 42 பிள்ளைகள், 40 நிமிட பீரியடு. கையில் ஒரு சுவர் வரைபடம், ஒரு பூகோள உருண்டை, ஒரு திசைகாட்டி. நிலக்கோளமும் வளிமண்டலமும் ஒரு பக்கம், மக்கள்தொகையும் குடியிருப்பும் இன்னொரு பக்கம் என்று பாடம் பிரிந்து கிடப்பதால் பிள்ளைகள் மனதிலும் இரண்டு பாடமாகவே பதிகிறது. "ஓசூரில் ஏன் ரோஜா?" என்றால் "மண்வளம்". "பென்னாகரத்தில் ஏன் கேழ்வரகு?" என்றாலும் அதே "மண்வளம்".

பெரிய செலவில்லாமல் செய்து பார்க்கக்கூடிய வேலைகளைப் படிப்படியாகச் சொல்லுங்கள். எங்கே தப்பு வரும் என்பதையும் சேர்த்து எழுதினால் ரொம்ப உதவி.

#2 கோட்டைமலை

சம உயரக் கோட்டில் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) ஆரம்பியுங்கள் சார். அது பிடிபடாத வரை டோப்போஷீட் (நில அளவைத் துறையின் நிலத்தோற்ற வரைபடம்) என்பது பிள்ளைகளுக்கு வெறும் பழுப்புக் கிறுக்கல்தான்.

களிமண் குன்றைத் தொட்டியில் வைத்துத் தண்ணீர் ஏற்றிக் கோடு கீறும் முறையைப் பலரும் சொல்வார்கள். வகுப்பில் அது நிற்காது. இரண்டாம் தடவை தண்ணீர் ஏறும்போதே அடி மண் கரைந்து முதல் கோடு அழிந்துவிடும். தண்ணீரே இல்லாமல் இப்படிச் செய்யலாம்.

ஒரு குன்றுக்கு 3 கிலோ ஏரிக் களிமண் அல்லது சலித்த புற்றுமண். சப்பாத்தி மாவை விடச் சற்று இறுக்கமாகப் பிசையுங்கள். 10 செ.மீ. உயரம், ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் படிந்த சரிவு, சரிவில் ஓர் ஓடைத் தடம். பிடித்து முடித்ததும் உச்சியிலிருந்து அடி வரை ஈர்க்குச்சியால் நேர் செங்குத்தாக இரண்டு துளை. இந்தத் துளைகளை மறந்தால் மொத்த வேலையும் வீண். பிறகு 2 செ.மீ. உயரத்துக்கு நோட்டுகளை அடுக்கி, அதன்மேல் பென்சிலைப் படுக்கவைத்து, அடுக்கோடு சேர்த்துக் குன்றைச் சுற்றி நகர்த்தினால் ஒரே மட்டத்தில் கோடு விழும். அப்படியே 4, 6, 8 செ.மீ. வரை.

அடுத்து, குன்றைத் தாள்மேல் வைத்து அடியைச் சுற்றி வரையுங்கள். துளை வழியே குச்சி விட்டுத் தாளிலும் இரண்டு புள்ளி. 2 செ.மீ. கோட்டில் நைலான் நூலை இழுத்து அறுத்து, அடி அடுக்கை எடுத்துவிட்டு, மிச்சத்தை அதே புள்ளிகளில் நிறுத்தி மறுபடி வரையுங்கள். நாலு தடவை அறுத்தால் ஐந்து கோடு. மேலிருந்து எட்டிப் பார்த்து வரையச் சொல்லாதீர்கள்: உச்சிக் கோடு கண்ணுக்குக் கிட்ட இருப்பதால் பெரிதாகத் தெரியும், படம் கெடும்.

இரண்டு இடத்தில் பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள். ஒன்று, கோட்டில் உள்ள 500 என்ற எண்ணைத் தூரம் என்று நினைப்பது. அது கடல் மட்டத்திலிருந்து உயரம். இன்னொன்று, ஓடையில் கோடு வளைந்து கூராகும் முனை எந்தப் பக்கம் பார்க்கும் என்பது. ஓடையில் மேட்டுப் பக்கம், மலைமுதுகில் பள்ளத்துப் பக்கம். அறுத்த மண் அடுக்கை விரலால் தடவிப் பார்க்கவைத்தால் இது மறக்காது.

#3 ஊத்தங்கரை

கோட்டைமலை மேடம், முறை நல்லா இருக்கு. ஆனா 42 பேருக்கு எட்டு ஒன்பது குழு, 25 கிலோ மண்ணுக்கு மேல வேணும். ரெண்டு பீரியடு அதுலயே போயிடும். காலாண்டுக்குள்ள பாடம் முடிக்கணுமே.

#4 கோட்டைமலை

நியாயம்தான் சார். ரெண்டே ரெண்டு குன்று போதும். அறுப்பதை எல்லோரும் பார்க்கட்டும், வரைவதை மட்டும் முறைவைத்துச் செய்யட்டும். அதுக்கும் நேரம் இல்லைன்னா முஷ்டி போதும். இடது கையை இறுக்கி மூடி மேசைமேல் வைத்து, விரல் முட்டிகளைச் சுற்றி ஸ்கெட்ச் பேனாவால் வளையம் வளையமாக, ஒவ்வொரு வளையமும் ஒரே மட்டத்தில் வருவதுபோல் போடவேண்டும். பிறகு கையை விரித்தால் மலை படமாகிவிடும். பத்து நிமிட வேலை. அளவு துல்லியமாக இருக்காது, ஆனால் செங்குத்து என்றால் கோடு நெருங்கும் என்பது கையிலேயே நிற்கும்.

1:50,000 டோப்போஷீட்டில் கோட்டுக்குக் கோடு உயர வித்தியாசம் 20 மீட்டர். 45 பாகைச் சரிவு என்றால் இரண்டு கோட்டுக்கு நடுவே காகிதத்தில் 0.4 மி.மீ. தான் கிடைக்கும். கிருஷ்ணகிரி கோட்டை மலை படத்தில் ஏன் ஒரே பழுப்புத் திட்டாகத் தெரிகிறது என்பதற்கு இந்தக் கணக்கே பதில்.

#5 நண்பகல் நிழல்

அட்சரேகை, தீர்க்கரேகைக்கு ஒரு குச்சி போதும். ஆனால் பெரும்பாலான வகுப்புகளில் கடிகாரம் சரியாக 12 காட்டும்போது நிழலை அளந்துவிடுகிறார்கள். அங்கேயே பிழை.

இந்திய நேரம் 82°30' தீர்க்கரேகைக்கு உரியது. தருமபுரி 78°10'. வித்தியாசம் 4°20', பாகைக்கு 4 நிமிடம் வீதம் 17 நிமிடம் 20 நொடி. அதாவது நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12.17-க்கு. அதுவும் ஆண்டு முழுக்க ஒன்றாக இருக்காது: பிப்ரவரி நடுவில் 12.31 வரை போகும், நவம்பர் தொடக்கத்தில் 12.01-க்கே வந்துவிடும். அதனால் 11.50 தொடங்கி 12.45 வரை 5 நிமிடத்துக்கு ஒரு முறை நிழல் நுனியில் சுண்ணக்கட்டியால் புள்ளி வைத்து, மிகக் குட்டையானதை எடுத்துக்கொள்வதே பத்திரம்.

1 மீட்டர் குச்சிக்குத் தருமபுரியில் (12°08' வடக்கு) வரவேண்டிய உச்சி நிழல்: மார்ச் 21, செப்டம்பர் 23 வாக்கில் 21.5 செ.மீ., வடக்கே. டிசம்பர் 22-ல் ஏறத்தாழ 71.5 செ.மீ., வடக்கே. ஜூன் 21-ல் 20 செ.மீ., ஆனால் தெற்கே. ஏப்ரல் 22, ஆகஸ்ட் 21 இரண்டையும் ஒட்டிய நாட்களில் நிழலே விழாது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை உச்சி வெயில் நமக்கு வடக்கிலிருந்து அடிக்கிறது என்பதைக் கடகரேகைப் பாடத்தில் நூறு தடவை சொன்னாலும் நம்பாத பிள்ளை, தெற்கே விழுந்த நிழலைப் பார்த்தால் நம்பும்.

குச்சி சாய்ந்திருந்தால் எல்லாம் போச்சு. நூலில் ஒரு நட்டைக் கட்டித் தூக்குக்குண்டாகப் பிடித்து இரண்டு பக்கமிருந்தும் சரிபாருங்கள். தரை சமமா என்பதற்குக் கொத்தனாரின் ரசமட்டம். நிழலில் 1 செ.மீ. தவறினால் அட்சரேகையில் அரைப் பாகைக்கு மேல், அதாவது 60 கி.மீ. தள்ளிப் போய்விடும்.

குட்டை நிழலை வைத்து வடக்கைக் குறிக்க வேண்டாம். உச்சி நேரத்தில் நீளம் மிக மெதுவாக மாறுவதால் எது குட்டை என்பதிலேயே சில நிமிடம் தவறும். காலை 10.30 நிழல் அளவுக்குக் குச்சியைச் சுற்றி வட்டம் போட்டு, பிற்பகலில் நிழல் நுனி மறுபடி அந்த வட்டத்தைத் தொடும் இடத்தைக் குறித்து, இரண்டு புள்ளிக்கும் சரிநடுவுக்குக் குச்சியிலிருந்து கோடு இழுங்கள். அதுதான் உண்மையான வடக்கு-தெற்குக் கோடு. போன் திசைகாட்டி இரும்பு பெஞ்சுக்குப் பக்கத்தில் பொய் சொல்லும்.

#6 சின்னாறு

மழைமானி பற்றிச் சுருக்கமாக. வாய் விட்டம் 11.3 செ.மீ. உள்ள புனல் கிடைத்தால் அதன் பரப்பு 100 சதுர செ.மீ. கீழே எந்தப் பாட்டிலை வைத்தாலும் சரி, சேரும் தண்ணீரில் 10 மி.லி. = 1 மி.மீ. மழை. இருமல் மருந்து மூடியாலேயே அளந்துவிடலாம். பாட்டிலின் பக்கத்தில் அளவுகோலை ஒட்டிப் படிப்பதுதான் தப்பு, அடிப்பாகம் குழிந்தும் புடைத்தும் இருப்பதால் எண் சரியாக வராது. புனல் வாய் தரையிலிருந்து 30 செ.மீ., கட்டடத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி, தினமும் காலை 8.30-க்கு. 2.5 மி.மீ. வந்தால்தான் வானிலைத் துறைக் கணக்கில் அது மழை நாள்.

ஜூனிலிருந்தே எழுதத் தொடங்குங்கள். தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமே முதன்மை என்று படித்துவிட்டு, நம் மாவட்டத்துக்கும் அதையே எழுதிவிடுகிறார்கள். இங்கே தென்மேற்குப் பருவ மாதங்களின் பங்கும் பெரிது, ஆகஸ்ட், செப்டம்பர் சாயங்கால இடிமழைதான் மானாவாரிக் கேழ்வரகைக் காப்பாற்றுகிறது. பிள்ளைகளின் பதிவேடே இதைக் காட்டிவிடும்.

#7 தென்பெண்ணை

தொப்பூர் கணவாய் சார் கேட்ட ரோஜாவுக்கு வருகிறேன். ஓசூரிலிருந்து ஒகேனக்கல் வரை ஒரு வெட்டுமுகம் (நிலத்தின் ஏற்ற இறக்கத்தைப் பக்கவாட்டில் காட்டும் படம்) வரையச் சொல்லுங்கள். ஓசூர், இராயக்கோட்டை, பாலக்கோடு, பென்னாகரம், ஒகேனக்கல். ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர், ஒகேனக்கல்லில் காவிரி 250 மீட்டர் வாக்கில். வரைபடத்தாளின் அடியில் மூன்று பட்டை: நிலம், தண்ணீர், தொழில். ஒவ்வொரு ஊருக்கும் நேர் கீழே மூன்றையும் நிரப்பவேண்டும். இயற்கையும் மனிதரும் ஒரே தாளில் வந்துவிடும்.

இதில் பெரிய ஆபத்து அளவுத்திட்டம். கிடைமட்டம் 1 செ.மீ. = 5 கி.மீ., செங்குத்து 1 செ.மீ. = 100 மீட்டர் என்று எடுத்தால் உயரம் 50 மடங்கு மிகைப்பட்டிருக்கும். ஓசூர் இமயமலை மாதிரி நிற்கும். தாளின் ஓரத்தில் "செங்குத்து 50 மடங்கு" என்று கட்டாயம் எழுதவையுங்கள். சிறு பகுதிக்கு, உதாரணமாகப் பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறக்கத்துக்கு மட்டும், கிடைமட்டம் 1 செ.மீ. = 500 மீட்டர் எடுத்தால் மிகை 5 மடங்கோடு நிற்கும்; சாலை ஏன் அத்தனை வளைவு வளைகிறது என்பதும் புரியும்.

இனி ரோஜா. ஓசூர் தருமபுரியை விட 400 மீட்டருக்கு மேல் உயரம். ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு 6.5 டிகிரி கணக்கில் இரண்டரை, மூன்று டிகிரி குளிர்ச்சி. இது நிலம் தந்த காரணம். இதோடு விட்டால் பாதி பதில்தான். தருமபுரி மாவட்டத்து வத்தல்மலை ஓசூரை விட உயரம், குளிர்ச்சியும் அதிகம். அங்கே காப்பியும் மிளகும் வந்தன, ரோஜாப் பண்ணைகள் வரவில்லையே, ஏன்? ஓசூருக்குப் பெங்களூரு 40 கி.மீ.; சந்தை, விமானம், குளிர்பதன வண்டி, பசுமைக்குடிலுக்குக் கடன் எல்லாம் எட்டும் தூரம். வெட்டிய பூ ஒரு நாள் தாமதமானாலும் விலை போகாது. வத்தல்மலைக்கு ஒழுங்கான தார்ச்சாலை வந்ததே அண்மையில்தான்.

ஆகவே வகுப்பில் ஒரு விதி வையுங்கள்: "ஏன் இங்கே?" என்ற எந்தக் கேள்விக்கும் நிலத்திலிருந்து ஒரு காரணம், மனிதரிடமிருந்து ஒரு காரணம், இரண்டும் இல்லாமல் மதிப்பெண் கிடையாது. கூடவே "அதே நிலம் உள்ள வேறு இடத்தில் ஏன் இல்லை?" என்றும் கேட்கவேண்டும். "மண்வளம்" தானாக மறைந்துவிடும். கிருஷ்ணகிரி, போச்சம்பள்ளிப் பக்கத்து பெங்களூரா மாம்பழத்துக்கும் இதே முறைதான்: பாறை நிலமும் குறைந்த மழையும் தாங்கும் மரம் என்பது ஒரு காரணம், பக்கத்திலேயே மாங்கூழ் ஆலைகள் என்பது இன்னொன்று.

#8 கொட்டாய்

குடியிருப்புப் பாடத்துக்கு நம்ம பக்கம் மாதிரி வசதி எங்கும் கிடையாது. 'செறிந்த குடியிருப்பு', 'சிதறிய குடியிருப்பு' என்று மனப்பாடம் செய்யும் பிள்ளைகளில் பாதிப் பேர் ஏதோ ஒரு கொட்டாயிலிருந்துதான் வருவார்கள். தன் நிலம், தன் கிணறு, அதன் பக்கத்திலேயே வீடு, அப்படி நாலைந்து வீடு சேர்ந்தால் கொட்டாய். சிதறிய குடியிருப்புக்கு இதை விட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம். ஏன் அப்படி ஆனது? இங்கே கடினப்பாறை, பெரிய ஆற்றுக் கால்வாய்ப் பாசனம் எட்டாத இடமே அதிகம், பாறை வெடிப்பில் ஊறும் தண்ணீர் அங்கொன்று இங்கொன்றாகக் கிடைக்கும். கிணறு எங்கேயோ வீடும் அங்கே. பாரூர் ஏரிப் பாசனத்தில் உள்ள ஊர்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும்.

வகுப்பில் செய்ய: டோப்போஷீட்டின் சிறு சிவப்புச் சதுரங்கள் வீடுகள். ஒரு சதுர கி.மீ. கட்டத்தில் எத்தனை, எவ்வளவு தள்ளித் தள்ளி என்று எண்ணவையுங்கள். படம் எடுத்த ஆண்டை ஓரத்தில் பார்க்க மறக்கவேண்டாம். பழைய படத்தை இன்றைய ஊரோடு ஒப்பிட்டுத் 'தப்பு' என்று அடித்துவிடுவார்கள்.

ஊர்ப்பெயரிலும் பாடம் உண்டு. மாரண்டஹள்ளி, தும்பலஹள்ளி என்று வரும் 'ஹள்ளி' கன்னடத்தில் ஊர். ஒகேனக்கல் என்றால் புகையும் கல். எல்லை எங்கே, மொழி எங்கே என்று வரைபடத்தில் புள்ளி வைத்தால் மாநில எல்லைக் கோட்டோடு மொழி நிற்பதில்லை என்பது தெரியும். சில கொட்டாய்ப் பெயர்களில் சாதிப்பெயர் ஒட்டியிருக்கும். அதைப் பலகையில் எழுதிப் பேச்சாக்க வேண்டாம்.

#9 ஊத்தங்கரை

மக்கள்தொகைக் கணக்குல ஒரு பெரிய குழி இருக்கு, எச்சரிச்சிடறேன். தருமபுரி 2001-ல் 28,56,300, 2011-ல் 15,06,843. பசங்க 'மக்கள்தொகை பாதியாக் குறைஞ்சுது'ன்னு எழுதி, அதுக்குப் 'பஞ்சம், இடப்பெயர்வு'ன்னு காரணமும் கண்டுபிடிச்சிடுவாங்க. நடந்தது வேற: 2004 பிப்ரவரி 9 அன்னைக்கு கிருஷ்ணகிரி தனி மாவட்டமாச்சு. பிரிச்சுப் பார்த்தா 2001-ல் இன்றைய தருமபுரி 12,95,182, கிருஷ்ணகிரி 15,61,118. 2011-ல் கிருஷ்ணகிரி 18,79,809. வளர்ச்சி முறையே 16.3, 20.4 சதவீதம். எந்த ரெண்டு எண்ணை ஒப்பிட்டாலும் எல்லை ஒண்ணுதானான்னு முதல்ல கேக்கணும்.

எழுத்தறிவும் அப்படித்தான். 2011-ல் தருமபுரி 68.54 சதவீதம், அது 7 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்களுக்கு நடுவுல. மொத்த மக்கள்தொகையால வகுத்தா விடை குறைஞ்சு வரும்.

புள்ளி வரைபடம் போடும்போது ஒரு புள்ளிக்கு 10,000 பேர்னு வைச்சா தருமபுரிக்கு 151 புள்ளி. அதைச் சமமா தெளிச்சுடுவாங்க. முதல்ல காப்புக்காட்டைப் பச்சையில தீட்டிட்டு, அதுக்குள்ள புள்ளி வைக்கக்கூடாதுன்னு சொல்லுங்க. மிச்ச இடத்துல புள்ளி எப்படி நெருங்குதுன்னு பார்த்தாலே, சதுர கி.மீ.க்கு 335 பேர்ங்கிறது வெறும் சராசரின்னு புரியும்.

#10 சின்னாறு

நிலமும் மனிதரும் சேரும் பாடம் என்றால் நம் மாவட்டங்களில் ஃபுளோரைடுதான். அதை விட்டுவிட்டு வேறு எதை எடுத்தாலும் குறைதான்.

கிரானைட், நைஸ் பாறைகளில் உள்ள பயோடைட், அப்படைட் போன்ற கனிமங்கள் சிதையும்போது ஃபுளோரைடு நீரில் கரைகிறது. மழை குறைவு, ஆவியாதல் அதிகம், நீர் பாறை வெடிப்பில் நெடுங்காலம் தங்குகிறது, சுண்ணச்சத்து குறைந்த நீரில் ஃபுளோரைடு படியாமல் நிற்கிறது. இதுவரை இயற்கை. கிணறு வற்றியதும் ஆழ்துளை, அதுவும் வற்றியதும் இன்னும் ஆழம் என்று போனது மனிதர் செயல். குடிநீரில் லிட்டருக்கு 1 மி.கி. வரை ஏற்கத்தக்கது, வேறு நீரே இல்லாதபோது 1.5 மி.கி. வரை. பல்லில் கறை, பிறகு எலும்புக் கேடு. இதற்காகவே காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு வந்தது, அதன் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் குறைப்பு இருக்கிறது. பாறையிலிருந்து சர்வதேசக் கடன் வரை ஒரே சங்கிலி.

களச் சோதனைப் பெட்டி கிடைத்தால்: ஒவ்வொரு நீர்மூலத்திலும் மாதிரி, குப்பியில் ஆழ்துளையா கிணறா குழாயா என்று எழுதி. பெட்டியில் உள்ள சாயத்தை மாதிரியில் விட்டதும் அதன் நிறம் சிவப்பிலிருந்து மஞ்சள் நோக்கிப் போகப் போக ஃபுளோரைடு அதிகம். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிடவேண்டும். டியூப்லைட்டின் கீழ் ஏமாற்றும். காய்ச்சினால் போய்விடும் என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். போகாது, தண்ணீர் சுண்டுவதால் செறிவு ஏறத்தான் செய்யும். இதை அன்றைக்கே திருத்திவிடுங்கள்.

#11 கொட்டாய்

சின்னாறு சார், பல்லில் கறை உள்ள பிள்ளைகளை வைத்தே காட்டினால் நன்றாகப் புரியும் என்று சிலர் செய்கிறார்கள். அது சரியா?

#12 சின்னாறு

வேண்டவே வேண்டாம் சார். வகுப்பில் கறைப்பல் உள்ள பிள்ளை வாய்விட்டுச் சிரிக்கவே தயங்கும். அதை எழுப்பி நிறுத்தினால் அந்தப் பாடம் அதற்கு வாழ்நாள் முழுக்க வலிக்கும். அளக்கவேண்டியது தண்ணீரைத்தான். வரைபடத்திலும் வீட்டு எண், பெயர் எதுவும் வேண்டாம், நீர்மூலமும் ஆழமும் போதும். அளவு மிகுந்து வந்தால் ஊராட்சிக்கும் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கும் தலைமையாசிரியர் வழியாக எழுதி, ஆய்வக முடிவு வந்தபிறகு மட்டும் ஊரில் சொல்லுங்கள். களப் பெட்டி துல்லியமான கருவி இல்லை.

#13 தொப்பூர் கணவாய்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. முஷ்டியில் தொடங்கி வெட்டுமுகம், பிறகு தண்ணீர் என்று வரிசை போட்டிருக்கிறேன். நீர்ப்பிரிமேடு பற்றி யாரும் சொல்லவில்லையே? நம் மாவட்டத்தில் காவிரிப் படுகையும் தென்பெண்ணைப் படுகையும் எங்கே பிரிகின்றன என்று பிள்ளைகள் கண்டுபிடிக்க முடியுமா? டோப்போஷீட் எந்த எண் எடுப்பது?

#14 தென்பெண்ணை

முடியும் சார். சனத்குமார நதியும் வாணியாறும் தென்பெண்ணைக்கு. சின்னாறு, நாகாவதி, தொப்பையாறு காவிரிக்கு. ஓடைகளை இரண்டு நிறத்தில் கடல்பக்கமிருந்து மேல்நோக்கித் தீட்டவையுங்கள். இரண்டு நிற ஓடைகளின் தலைப்புகளுக்கு நடுவே, உயரமான இடங்களைத் தொட்டுக்கொண்டு கோடு போகவேண்டும். அந்தக் கோடு எந்த ஓடையையும் வெட்டக்கூடாது, வெட்டினால் தப்பு. பிள்ளைகள் சாலையையே எல்லையாக எடுத்துக்கொள்வார்கள், கவனம்.

எண்: தருமபுரி நகரம் 57 எல்/4, பென்னாகரமும் ஒகேனக்கல்லும் 57 எச்/16. 78 பாகைத் தீர்க்கரேகை இரண்டுக்கும் நடுவே ஓடுவதால்தான் எழுத்தே மாறுகிறது. இரண்டு தாளையும் ஓரம் வெட்டி ஒட்டவேண்டும். பாலக்கோட்டுக்கு 57 எல்/3, கிருஷ்ணகிரிக்கு 57 எல்/2. இந்திய நில அளவைத் துறை தளத்தில் திறந்த வரிசைப் படங்களாக இலவசமாகவே கிடைக்கும், அந்த வரிசையில் எண் முறை வேறு, 78-க்கு மேற்கே 43, கிழக்கே 44 என்று மண்டலம் மாறும்.

ஜெராக்ஸ் கடையில் 'பக்கத்துக்குப் பொருத்து' என்று ஏ4-க்குச் சுருக்கிக் கொடுத்துவிடுவார்கள். அளவுத்திட்டம் அப்போதே செத்துவிடும், ஆனால் தாளில் 1:50,000 என்று அச்சு அப்படியே இருக்கும். ஏ3-ல் வேண்டிய பகுதியை மட்டும் நூறு சதவீதத்தில் எடுக்கச் சொல்லுங்கள். கையில் வந்ததும் கட்டக்கோடுகளுக்கு நடுவே ஸ்கேலை வையுங்கள். 1 கி.மீ.க்கு 2 செ.மீ. வரவில்லை என்றால் அந்தப் பிரதியில் தூரம் அளக்கவைக்காதீர்கள், ஓடை தீட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.